மீன்குளத்துக் கல்லில் ஒரு கை சோறு

மே 26, திங்கள்

இன்று அமாவாசை. வேலை முடிந்து வந்து தலைக்குக் குளித்து, சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் செய்தேன். அப்பளம் பொரிக்கவில்லை. புகை எழுந்தால் மேல்வீட்டு அலாரம் அடிக்கும்.

காக்கைக்கு வைக்க இடம் தேடினேன். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவளுக்குத் தனியாக வெளியிடம் ஏது? என் படுக்கைக்கு மேலே ஒரு சன்னல் இருக்கிறது. அதன் கீழ்விளிம்பும் வெளியே புல்தரையும் ஒரே மட்டம். பத்தடி தள்ளி, வீட்டுக்காரர் பரா அங்கிளின் மீன்குளம். குளத்தோரம் தட்டையாக ஒரு கல். அதன்மேல் காகிதத் தட்டை வைத்தேன்.

"வாய்விட்டு மூணு தடவ கூப்புடணும், என்ன?" என்று அம்மா சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, கா, கா, கா என்று கல்லுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். மரத்தில் ஒரு காகம் இருக்கத்தான் செய்தது. ஊர்க் காக்கையைவிடப் பெரியது. என்னைப் பார்த்தது, பறந்துவிட்டது. ஸ்காபரோவில் அதை யாரும் சோற்றுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

காகம் எடுத்த பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும். ஏழு மணிவரை பார்த்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டேன்.

சனவரியில் குடிவந்த அன்று அங்கிளின் மனைவி தவமலர் ஆன்ட்டி மூன்று விஷயம் சொன்னார். இரவு பத்துக்குமேல் வாஷிங் மெஷின் போடக் கூடாது. சப்பாத்தோடு, அதாவது ஷூவோடு, படியேறக் கூடாது. வெளியே சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைக்கக் கூடாது, ரக்கூன் வரும். இதற்கு முன்னால் இருந்த வீட்டில் ஓர் அறைக்கு நாலு பேர். இங்கே கதவைச் சாத்தினால் நான் மட்டும்தான். இந்த அறையை இழக்க எனக்கு மனமில்லை. ஒரு நாள்தானே. காலையில் எடுத்துவிடுவேன்.

மே 27, செவ்வாய்

மூன்றரைக்கு எழுந்து டார்ச்சோடு போனேன். தட்டு காலி. ஒரு பருக்கை இல்லை. தட்டு நனைந்திருந்தது. குளத்தில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. சேற்றில் கைத்தடங்கள். நடக்கப் பழகும் குழந்தை கையூன்றியதுபோல ஐந்து விரல்களும் தெரிந்தன.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள். அங்கே மத்தியானம்.

"காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சும்மா."

"எத்தன வந்துச்சு?"

"ஒண்ணு."

"ஒண்ணு போதும்" என்றாள். குரல் தெளிந்திருந்தது.

மே 30, வெள்ளி

மீந்த சோறு இருந்தது. கல்லில் வைத்தேன்.

மே 31, சனி

பார்த்துவிட்டேன். இரவு பத்தரை. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் முழங்காலிட்டு, சன்னலில் முகத்தை வைத்திருந்தேன். தரைமட்டத்தில் நான் இருப்பதால் அதன் முகமும் என் முகமும் ஒரே உயரம்.

ரக்கூன்தான். நாய்க்குட்டி அளவு. வளைந்த முதுகு. கண்களைச் சுற்றிக் கறுப்பு. வால் வளையம் வளையமாக இருந்தது. சோற்றை அள்ளிக் குளத்தில் நனைத்து, உருட்டி, வாயில் வைத்தது. கை தண்ணீருக்குள் இருக்கும்போது அது தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டு தடவுகிறது. கூட்டத்தில் நிற்கிற பெண் பைக்குள் கையைவிட்டுச் சாவி தேடுவதுபோல.

ஒருமுறை நிமிர்ந்து சன்னலைப் பார்த்தது. நான் மூச்சு விடவில்லை. அது மறுபடி சாப்பிட ஆரம்பித்தது.

நான் போட்ட எதையும் யாரும் என் எதிரில் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.

ஜூன் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கடையில் ஒருவர் காப்பி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். சரியாகத்தான் இருந்தது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

மாலையில் பரா அங்கிள் சன்னலைத் தட்டினார். முழுப்பெயர் பரராஜசிங்கம். இருபத்தாறு வருஷம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"பிள்ளை, நீ கெமிஸ்ட்ரி படிச்சனியெல்லோ. இந்தத் தண்ணியை ஒருக்காப் பார்."

சோதனைக் குப்பிகளைச் சன்னலுக்கு நேரே நீட்டினார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் படிப்பு இந்த நாட்டில் முதன்முதலாக இப்போதுதான் பயன்படுகிறது. அம்மோனியா இல்லை, அமில அளவு சரி என்றேன்.

குளத்தில் ஆறு வண்ணக் கோய் மீன்கள். அவர் ஓட்டிய பஸ்களின் எண்கள்தான் அவற்றின் பெயர்கள்.

"உது எண்பத்தாறு. எப்பவும் பிந்தித்தான் வரும். உந்த ரெண்டும் முப்பத்தொன்பதும் நூற்றிரண்டும். வந்தா ரெண்டும் சேர்ந்து வரும், இல்லாட்டி அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் வராது."

பெரிய ஆரஞ்சு மீன் அவர் விரலை வந்து சப்பியது.

"இது அம்பத்திநாலு. பதினாலு வருசம். என்ர மகன் வீட்டை விட்டுப் போகேக்க வாங்கினது. அவனைவிட இது என்னோட கதைக்கும்."

சிரித்தேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மீந்த சோறு என்று எழுதுகிறேன். மீந்தது இல்லை. மூன்று நாளாக ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

தமிழ்க்கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கி வறுத்தேன். ஐந்து நிமிஷத்தில் படியில் காலடி. தவமலர் ஆன்ட்டி முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவர், தூங்கி எழுந்த முகத்தோடு நின்றார்.

"கருவாடோ பிள்ளை?"

"ஸாரி ஆன்ட்டி, சன்னலைத் திறந்து வச்சிருக்கேன்…"

"சன்னலைச் சாத்து. மணம் வெளிய போகுது." கையிலிருந்த கிண்ணத்தை நீட்டினார். "கொஞ்சம் தா. அந்தாளுக்குக் காட்டாத, பிறஷர்."

கொடுத்தேன். "அம்மா அப்பா சுகமா இருக்கினமோ?" என்று போகிறபோக்கில் கேட்டார். "இருக்காங்க ஆன்ட்டி" என்றேன். அவர் மேலே போய்விட்டார்.

கல்லிலும் கொஞ்சம் கருவாடு வைத்தேன். அப்பாவுக்கு நெத்திலி பிடிக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. சோறு கரைந்துவிடும் என்று சன்னலுக்கு அருகே கூரை இறங்கும் இடத்தில் வைத்தேன். அது இரண்டு கையெட்டும் தூரத்தில் வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து தின்றது. வயிற்றில் முலைக்காம்புகள் ஈரத்தோடு தொங்கின. தின்றுவிட்டு, வீட்டை ஒட்டிய மரத்தளத்துக்கு அடியில் நுழைந்தது. தளம் முடியும் இடம் என் படுக்கையை ஒட்டிய சுவர்.

சுவரில் காது வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீச்சுக் குரல்கள். மூன்றோ நாலோ. ஒன்றையொன்று முந்திக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. பால் குடிக்கின்றன.

மேலே இருப்பவர்களுக்குக் கேட்காது. இந்த வீட்டில் இது எனக்கு மட்டும் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு மீனைக் காணோம். நூற்றிரண்டு. கல்லில் செதில்கள் ஒட்டியிருந்தன. கல்லில்தான்.

மிச்சச் சாப்பாடு போடும் பச்சைக் குப்பைத்தொட்டியை வைத்து அங்கிள் ஆன்ட்டியோடு சண்டை, கூரைப்பலகை வழியாக எல்லாம் கேட்டது.

"நீர்தான் கிறீன் பின்னைப் பூட்டாமல் விட்டிருப்பீர். நைட் வேலைக்குப் போற அவசரத்தில."

"நான் பூட்டித்தான் போனனான்."

"அப்ப ரக்கூன் என்ன, விலாசம் கேட்டோ வந்தது? இத்தினை வருசமா வராதது இப்ப ஏன் வருது?"

"இஞ்சருங்கோ, மீனுக்காக என்னோட சண்டைக்கு வாறியளோ?"

கதவு அறைந்தது. ஆன்ட்டி தட்டு கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரே தட்டைக் கழுவுவதுபோல.

இரண்டு தடவை படிவரை போனேன். சப்பாத்து இல்லை, வெறுங்கால்தான். திரும்பிவிட்டேன்.

ஜூன் 14, சனி

சோறு வைக்கவில்லை. இனி வைக்க மாட்டேன்.

ஜூன் 16, திங்கள்

அம்மாவிடம் பேசினேன். தம்பி மாரீஸ் வேலைக்கு ஒழுங்காகப் போகிறானாம். ஆனால் இரவில் சாப்பிட உட்கார்ந்தால் வாசலைப் பார்க்கிறானாம்.

"நீ தைரியமா இருக்கியாத்தா?"

"இருக்கேன்."

"யாராச்சும் வந்து போறாங்களா? பேச்சுத் துணைக்கு?"

"மேல் வீட்டு அங்கிள், ஆன்ட்டி இருக்காங்க."

"அவுங்க வந்து விசாரிச்சாங்கல்ல?"

"ம்."

அம்மாவிடம் இது இரண்டாவது பொய். முதல் பொய்யில் பாதியாவது உண்மை இருந்தது.

பிப்ரவரியிலிருந்து இங்கே யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு ஒரு நாளும் பொருந்தி வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அம்பத்திநாலு போய்விட்டது.

அங்கிள் காலையில் குளத்தோரம் உட்கார்ந்தவர் நான் வேலை முடிந்து வந்தபோதும் அங்கேயே இருந்தார். வாளியில் ஈரத்துணி மூடியிருந்தது. தலையும் முதுகெலும்பும்தான் மிச்சமாம். பெரிய மீன், முழுதாகத் தின்ன முடியவில்லை.

நான் சோற்றை நிறுத்தி மூன்றாவது இரவு. வேறு யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

ஜூன் 19, வியாழன்

மரத்தளத்தின் கம்பியில் அங்கிள் காமெரா கட்டியிருக்கிறார். நேற்று இரவு பதிவானதைக் கைப்பேசியில் காட்டினார்.

"நீ படிச்ச பிள்ளை, பார். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

அது வந்தது. குளத்துக்குப் போகவில்லை. நேராகக் கல்லுக்குப் போய், இரண்டு கைகளாலும் கல்லின்மேல் தடவியது. ஓரங்களில், அடியில், மறுபடி மேலே. பிறகு திரும்பி உட்கார்ந்து என் சன்னலைப் பார்த்தது. மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நிமிஷம். அதன் பிறகுதான் தண்ணீரில் இறங்கியது.

"என்னத்துக்கு இந்தக் கல்லைத் தடவுது?"

"தெரியல அங்கிள்."

"ஏன் உன்ர சன்னலைப் பாக்குது?"

"தெரியல."

நண்பரிடம் கூண்டு கேட்டிருக்கிறாராம். பிடித்து, வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடி, காட்டில் விட்டுவிட்டு வருவாராம். அப்படிச் செய்வது சட்டப்படி குற்றமாம். "ஒருத்தருக்கும் வாய் திறக்காத. நீ திறக்க மாட்டாய், தெரியும்" என்று என் தோளைத் தட்டினார்.

ஜூன் 22, ஞாயிறு

கூண்டு கல்லின்மேலேயே வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே டின் மீன். இரண்டு இரவாக அது கூண்டைச் சுற்றி வந்துவிட்டுப் போகிறது. மீன்களுக்கு மேலே இரும்பு வலை போட்டாயிற்று, அதனால் குளத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சுவருக்குள் குரல்கள் இப்போது பலமாக இருக்கின்றன. பசிக் குரலா விளையாட்டுக் குரலா என்று பிரிக்கத் தெரிகிறது எனக்கு.

அங்கிளிடம் குட்டிகளைப் பற்றிச் சொன்னால் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்பார். சுவரில் கேட்டது என்றால், எப்போதிலிருந்து என்பார். எப்போதிலிருந்து என்பதற்குப் பதில் சொன்னால் சோறு வந்துவிடும். சோறு வந்தால் நான் இந்த அறையில் இருக்க முடியாது.

ஜூன் 25, புதன்

அமாவாசை. வைக்காமல் இருக்க முடியாது. கல்லில் கூண்டு இருப்பதால், தட்டைச் சன்னலுக்கு நேரே புல்லில் வைத்தேன். சோறு, பருப்பு, கத்திரிக்காய், ஒரு கரண்டி தயிர். இன்றைக்கு ஒரு நாள் அது இதைச் சாப்பிட்டுவிட்டுக் கூண்டுப் பக்கம் போகாமல் குட்டிகளிடம் போகட்டும். காகமே வந்து எடுத்தாலும் சரி.

எட்டரைக்குப் படுக்கிறேன். தட்டு அப்படியே இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்றரைக்கு அலாரம் அடிக்குமுன் சுவர் என்னை எழுப்பிவிட்டது. குட்டிகள் எல்லாம் ஒரே குரலாகக் கத்தின. சன்னல் வழியே பார்த்தால் குளத்தோரம் டார்ச் வெளிச்சம். கூண்டு மூடியிருந்தது. உள்ளே அது சுற்றிச் சுற்றி வந்தது.

வெளியே ஓடினேன். அங்கிள் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தடித்த கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கெட்டிக்காரி! டின் மீனுக்கு வராதது சோத்துக்கு வந்திட்டுது பாத்தியே!"

எனக்குப் புரியவில்லை. கூண்டுக்குள் பார்த்தேன். என் காகிதத் தட்டு. ஓரத்தில் தயிர்.

"பொறி வைக்கத்தான் சமைச்சு வைச்சிருக்கிறாய் எண்டு விளங்கிட்டுது. ஆனா புல்லில வைச்சா எப்படிப் பிடிக்கிறது? நான்தான் எடுத்து உள்ள வைச்சனான். பத்து மணிக்கு வைச்சது, மூண்டுக்கு டப் எண்டு சத்தம். தவமலர் வரட்டும், சொல்லுறன், கீழ இருக்கிற பிள்ளைக்கு இருக்கிற மூளை எங்களுக்கு இல்லையெண்டு."

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையசைத்தால் போதும். வேன் போய்விடும், அறை என்னுடையதாக இருக்கும், பாராட்டும் கிடைக்கும். இரண்டு நாளில் சுவரில் சத்தம் நின்றுவிடும். அது எப்படி ஒவ்வொன்றாக நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அது கம்பி வழியாக ஒரு கையை வெளியே நீட்டி, கல்லைத் தடவியது.

"அங்கிள், அதுக்குக் குட்டி இருக்கு."

"ஆர் சொன்னது? உது கிழட்டுக் கடுவன். சைஸைப் பார்."

"வாங்க" என்றேன். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. என் அறைக்குக் கூட்டிவந்து, படுக்கையை நகர்த்தி, சுவரைக் காட்டினேன். முட்டி வலியோடு மெதுவாகக் குனிந்து காது வைத்தார். குனிந்தபடியே இருந்தார்.

"எத்தினை?"

"நாலுன்னு நினைக்கிறேன்."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"ஏன் சொல்லேல்ல?"

"சோறு வச்சது நான்தான் அங்கிள். பொறிக்கு இல்ல. ஒரு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. அந்தக் கல்லுலதான் வச்சேன். அதுக்குத்தான் அது வந்துச்சு. அப்பறம் பயந்துபோய் நிறுத்திட்டேன், அதனாலதான் அம்பத்திநாலைப் பிடிச்சுச்சு. ஆன்ட்டி பின்னைப் பூட்டித்தான் வச்சாங்க."

என் வாழ்நாளில் நிறுத்தாமல் பேசியது அவ்வளவுதான் இருக்கும்.

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் சத்தம் வரவில்லை.

"நான் அவளை எவ்வளவு பேசிப்போட்டன்" என்றார். பிறகு, "பதினாலு வருசம் பிள்ளை, அந்த மீன்."

"தெரியும் அங்கிள்."

"சொல்லியிருந்தனாங்கள்தானே, வெளிய ஒண்டும் வைக்காத எண்டு. ஏன் வைச்சனீ?"

"அமாவாசைக்கு. எங்க அப்பாவுக்கு."

சொல்லிவிட்டேன். அறையில் அந்தச் சொல் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

சன்னல் வழியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. கூண்டின் கதவு உயர்ந்தது. அது உடனே வரவில்லை. பிறகு புல்லில் பாய்ந்து தளத்துக்கு அடியில் நுழைந்தது. சுவருக்குள் கூச்சல் உச்சத்துக்குப் போய், ஒவ்வொன்றாக அடங்கியது. வாய் நிறைந்தால் அடங்கும் அடக்கம்.

அங்கிள் சன்னலுக்கு அருகே குனிந்து, "நாலு இருவது. பஸ்ஸை விடப்போறாய், போ" என்றார். முகத்தைக் காட்டவில்லை.

நிறுத்தத்தில் நிற்கும்போது அம்மா.

"காக்கா எடுத்துச்சா?"

"இல்லம்மா. இங்க காக்கா எறங்குறதே இல்ல. போன தடவையும் எடுக்கல."

அந்தப் பக்கம் மிக்சி ஓடும் சத்தம். நின்றது.

"அப்ப சோறு?"

"வேற ஒண்ணு வந்து திங்கிது. பூனையவிடப் பெருசு. நம்மள மாதிரி கை இருக்கும்."

"கையால எடுத்தா திங்கிது?"

"கழுவித் திங்கும்."

பஸ் திருப்பத்தில் வெளிச்சம் காட்டியது.

"குட்டி போட்டிருக்கும்மா" என்றேன்.

"புள்ள பெத்த வயிறா? அப்ப அது திங்கட்டும்" என்றாள். "பஸ் வந்துருச்சா, ஏறு."

ஜூன் 27, வெள்ளி

மேலே யாரும் பேசிக்கொள்ளவில்லை. என்னிடமும் யாரும் பேசவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, குளிர்காலத் துணிகளை அடுக்கினேன். போகச் சொன்னால் உடனே போக வசதியாக இருக்கும்.

ஜூன் 28, சனி

இரவு பத்து மணிக்கு அது குட்டிகளை இடம் மாற்றியது. கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு புல்லைக் கடந்து, வேலி ஏறி, அடுத்த தெருப்பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி ஒன்று. நாலு தடவை. நாலாவது குட்டியின் வால் தரையில் இழுபட்டது. என் சன்னலைப் பார்க்கவில்லை. அதற்கு நேரமில்லை.

மேலே சமையலறையில் விளக்கு இல்லை. ஆனால் சன்னலோரப் பலகை இரண்டு இடங்களில் கிறீச்சிட்டது. இரண்டு பேர் நிற்கிறார்கள்.

சுவரில் காது வைத்தேன். வெறும் சுவர்.

ஜூன் 29, ஞாயிறு

இரவு எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தவமலர் ஆன்ட்டி. வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நான் அவரைச் சேலையில் பார்த்ததே இல்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெட்டியைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டினேன். "இது தரையில இருந்து கேக்கிற விசயம்" என்றார்.

ஊரில் அப்பாவுக்காகத் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, முப்பது நாளும் ஆட்கள் வந்தார்கள் என்று தம்பி சொன்னான். வருகிறவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்களாம். அம்மா முதலிலிருந்து சொல்வாளாம். நாலாம் நாளில் அவள் அழாமலேயே சொல்லி முடித்தாளாம். எனக்கு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

"உன்ர அப்பா எப்ப மோசம் போனவர்?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"பிப்ரவரி பதினொண்ணு."

"மாசியில." விரலை மடக்கினார். "நாலரை மாசம். நான் உன்னட்டைக் கருவாடு வாங்கித் தின்னிருக்கிறன். அப்பா சுகமோ எண்டும் கேட்டிருக்கிறன்."

நான் தலைகுனிந்தேன்.

"என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லு."

முதல் என்பது எது என்று தெரியவில்லை. அப்பா பெயர் சீனிமுத்து என்று ஆரம்பித்தேன். சாத்தூரில் தண்ணீர் லாரி ஓட்டினார் என்றேன்.

"எத்தினை லீற்றர்?"

குரல் படியிலிருந்து வந்தது. அங்கிள் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. உள்ளே வரவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

"பன்னிரண்டாயிரம் அங்கிள்."

"உது பொல்லாத வாகனம். அரைவாசித் தண்ணியோட பிரேக் பிடிச்சாத் தண்ணி ஆடித் தள்ளும். எத்தினை வருசம் ஓட்டினவர்?"

"பத்தொன்பது."

"ஆக்சிடென்டோ?"

"இல்ல. ஒரு தடவகூட இல்ல."

"பத்தொன்பது வருசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை சொல்லட்டும்" என்றார் ஆன்ட்டி.

சொன்னேன். அன்று சாயங்காலம் அப்பா கிணற்றடியில் லாரியை நிறுத்தி, தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு, நிறையும்வரை எப்போதும்போல சீட்டில் சாய்ந்திருக்கிறார். தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடியிருக்கிறது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். சீனிமுத்து லாரியில் ஒரு சொட்டு வழியாது. வழிந்தால் அவர் இல்லை. கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் வேலையில் இருந்தேன். போன் லாக்கரில். பதினேழு தவறிய அழைப்புகள். விசா நீட்டிப்புக்கு எழுதிப்போட்டிருந்த நேரம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. "நீ வராத. வந்து மாட்டிக்கிட்டா அவர் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்" என்று அம்மா அந்த அழுகைக்கு நடுவிலும் சொன்னாள். தம்பி வீடியோவில் காட்டினான். தூக்கும்போது கூட்டத்தில் போன் கீழே விழுந்து, எனக்குக் கடைசியாகத் தெரிந்தது யாருடையவோ கால்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வேலைக்குப் போனேன்.

"போனியோ?" என்றார் ஆன்ட்டி.

"லீவு கேட்டா காரணம் சொல்லணுமே ஆன்ட்டி."

அவர் என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்தார். சேலையில் பெட்டியில் மடித்துவைத்த வாசனை இருந்தது. அதற்கு மேல் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை. மேலே கேட்டிருக்கும். மேலேதான் யாரும் இல்லையே.

நடுவில் ஒருமுறை அங்கிள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு ஆன்ட்டி எழுந்தபோது, "அம்பத்திநாலுக்கு இன்னும் எனக்குக் கோவம்தான்" என்றார் அங்கிள், சுவரைப் பார்த்து. "அது இருக்கும். பெட்டியை உள்ள வை."

ஜூன் 30, திங்கள்

மூன்றரைக்கு அலாரம் அடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். கண்ணிமைகள் வீங்கித் திறக்கவில்லை. கடை மேனேஜருக்குப் போன் செய்தேன். இதுவரை ஒரு நாளும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை, அதனால் முதலில் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வர முடியாது, என் அப்பா இறந்துவிட்டார் என்றேன்.

ஐயோ, எப்போது என்று கேட்டார்.

பிப்ரவரியில் என்றேன்.

அந்தப் பக்கம் காப்பி இயந்திரம் சூடாகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், சரி, இந்த வாரம் முழுதும் வர வேண்டாம் என்றார்.